வழுவும் வழுவமைதியும்: விளையாட்டுக் காமிராப் படங்கள் பற்றிய ஒரு நோக்கு

தமிழிலக்கணம் பிழையை ஒரே பொருளாகக் கொண்டு ஒதுக்கிவிடவில்லை. காரணமின்றி நேர்வதை வழு என்றது. முறையினின்று பிறழ்ந்ததாயினும், தக்க காரணம்பற்றி ஏற்றுக்கொள்ளத்தக்கதை வழுவமைதி என்றது. அறைக்குள் சட்டை மாட்டிக்கொண்டிருப்பவனை நண்பன் வெளியிலிருந்து அழைக்கிறான். “இதோ வந்துவிட்டேன்” என்று உள்ளிருந்து குரல் வருகிறது. அவன் இன்னும் வாசற்படியைத் தாண்டவில்லை. ஆயினும் எதிர்காலச் செயலை இறந்தகாலத்தாற் கூறிய அக்கூற்றைப் பிழை என்று எவரும் திருத்துவதில்லை. விரைவு என்னும் காரணம் அதனைக் காத்து நிற்கிறது. “நாளை ஊருக்குச் சென்றேன்” என்று ஒரு மாணவன் கட்டுரையில் எழுதினாலோ, ஆசிரியரின் சிவப்பு மை அதனை விட்டுவைக்காது. இரண்டிலும் காலம் மயங்கியுள்ளது. ஒன்றிற்குக் காரணம் உண்டு, மற்றதற்கு இல்லை.

இப்பாகுபாடு சொல்லுக்கு மட்டும் உரியதன்று. நிழற்படக் கலையில் இன்று நிலவும் ஒரு விந்தையை அளந்தறிவதற்கும் இஃது ஏற்ற கோலாகும். நுட்பமான வில்லைகளும், தாமே ஒளியை அளந்துகொள்ளும் கருவிகளும் பெருகிவிட்ட காலம் இது. சட்டைப்பையில் வைக்கும் தொலைபேசியே தெளிவான படம் எடுத்துத் தருகிறது. இந்நிலையில், பிளாஸ்டிக்கால் ஆன விளையாட்டுக் காமிராவை விலை கொடுத்து வாங்கி, அதிற் படச்சுருளை மாட்டி, மங்கலும் கறையும் படிந்த படங்களை விரும்பி எடுப்பார் பலர் உளர். அவர்களை இழுப்பது எது? அப்படங்களில் உள்ளவை வழுவா, வழுவமைதியா? இவ்வினாவிற்கு விடை காண்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

எளிய பெட்டியின் வரலாறு

எளிய காமிரா புதிய பொருளன்று. அமெரிக்காவின் ஈஸ்ட்மன் கோடாக் நிறுவனம் 1900 ஆம் ஆண்டில் பிரவுனி என்னும் அட்டைப் பெட்டிக் காமிராவை ஒரு டாலர் விலைக்கு வெளியிட்டது. சிறுவரையும் மனத்திற்கொண்டு செய்யப்பட்ட பெட்டி அது. செல்வர்க்கும் தொழிலறிந்தவர்க்கும் உரியதாயிருந்த நிழற்படம் அதன் பின்னரே எளியவர் வீட்டுக்குள் நுழைந்தது. அடுத்த ஆண்டு வெளிவந்த இரண்டாம் பிரவுனிக்கென அமைந்த 120 என்னும் அளவுள்ள படச்சுருள் இன்றும் விற்பனையாகிறது என்பது நினைவிற்கொள்ளத்தக்கது.

பிரவுனியின் வழித்தோன்றல் எனத்தக்கது டயானா. ஹாங்காங்கில் கௌலூன் பகுதியில் இருந்த கிரேட் வால் பிளாஸ்டிக் தொழிற்சாலை 1960களில் இதனைச் செய்து வெளிநாடுகளுக்கு அனுப்பியது. உடல், வில்லை, படச்சுருளை நகர்த்தும் திருகு எல்லாம் பிளாஸ்டிக். ஓரிரு டாலருக்கு விற்கப்பட்டதோடு, சந்தைகளில் பரிசுப்பொருளாகவும் கொடுக்கப்பட்டது. ஒரே பெட்டி வெவ்வேறு பெயர்களைத் தாங்கியும் விற்பனைக்கு வந்தது. 1970களில் அதன் உற்பத்தி நின்றது. 2007 ஆம் ஆண்டில் புதிய உருவில் அது மீண்டும் சந்தைக்கு வந்தது.

மற்றொன்று ஹோல்கா. இதுவும் ஹாங்காங்கிற் பிறந்ததே. லீ டிங் மோ என்பார் வடிவமைத்த இக்காமிரா 1982 இல் வெளிவந்தது. மிக்க ஒளி என்னும் பொருள்படும் கான்டனீசுத் தொடரிலிருந்து அதன் பெயர் பிறந்தது என்பர். சீனநாட்டில் அந்நாளில் 120 படச்சுருளே பெருவழக்காக இருந்தமையால், அங்குள்ள உழைக்கும் குடும்பங்களுக்கு மலிவான பெட்டி ஒன்றைத் தருவதே நோக்கம். அந்நோக்கம் நெடுநாள் நிலைக்கவில்லை. 35 மில்லிமீட்டர்ச் சுருள் விரைவிற் பரவியது. ஹோல்காவுக்கு அங்கு இடமில்லாமற் போயிற்று. தாய்நாட்டில் விலைபோகாத பண்டம் மேல்நாட்டுக் கலைஞர் கையிற் புகழ்பெற்றது. 2015 இல் உற்பத்தி நின்று, 2017 இல் மீண்டும் தொடங்கியது.

இவற்றைப் படைத்தவர் எவரும் மங்கலான படத்தை விரும்பிப் படைத்தாரல்லர் என்பது தெளிவு. விலையைக் குறைக்க வேண்டும் என்பதே அவர்கள் எண்ணம். குறைகள் விலைக்குறைவின் பிள்ளைகள். கலைநோக்கு அவற்றின்மீது பின்னர் ஏற்றப்பட்டது.

குறைகள் இருவகை

ஹோல்காவின் அமைப்பை அறிந்தால் அதன் படங்களை அறிவது எளிது. அதன் வில்லை ஒற்றைத் துண்டு. விலையுயர்ந்த காமிராவிற் பல கண்ணாடித் துண்டுகள் ஒன்றன் பிழையை ஒன்று திருத்திக்கொள்ளும். இங்கே திருத்துவார் இல்லை. ஆதலாற் படத்தின் நடுப்பகுதி ஓரளவு தெளிவாகவும், விளிம்பை நோக்கிச் செல்லச் செல்லக் குழைந்தும் காணப்படும். வில்லை வீசும் ஒளி சதுரத்தின் நான்கு மூலைகளையும் நிரப்பாமையால் மூலைகள் இருளும். மூடி திறந்து மூடும் வேகம் ஏறத்தாழ நொடியில் நூற்றிலொரு பங்கு. அதனை மாற்ற இயலாது. தொலைவைக் குறிக்க எண்கள் இல்லை. ஒருவர், ஒரு சிறு குடும்பம், ஒரு கூட்டம், ஒரு மலை என நான்கு சிறு உருவங்கள் வில்லையைச் சுற்றிப் பொறிக்கப்பட்டுள்ளன, அவ்வளவே. வெயிலுக்கும் மேகத்துக்கும் தனித்தனியே ஒரு விசை உண்டு. ஆயினும் பழைய பெட்டிகள் பலவற்றில் அதனை எப்பக்கம் தள்ளினாலும் துளையின் அளவு மாறாது என்பது அறிந்தோர் சிரித்துக்கொள்ளும் செய்தி.

இத்துணைக் குறையுள்ள பெட்டியிற் படம் எவ்வாறு விழுகிறது? பெருமை பெரும்பாலும் படச்சுருளைச் சாரும். நெகட்டிவ் சுருள், சிறப்பாகக் கறுப்பு வெள்ளைச் சுருள், ஒளி சற்று மிகுந்து விழுந்தாலும் பொறுத்துக்கொள்ளும் இயல்புடையது. பெட்டியின் அறியாமையைச் சுருளின் பொறுமை ஈடுசெய்கிறது.

மேலே கூறியவை எல்லாம் நிலையான குறைகள். எடுக்கும் படந்தோறும் அவை உண்டு. ஒரே வகையில் உண்டு. இவற்றினின்று வேறானவை தற்செயற் குறைகள். பெட்டியின் மூட்டுகள் நன்கு பொருந்தாமையால் ஒளி கசிந்து, படத்தின் குறுக்கே வெண்கோடோ செங்கறையோ விழும். அதனைத் தடுக்கக் கறுப்பு நாடாவை ஒட்டுவோர் உண்டு. விழட்டும் என்று விடுவோரும் உண்டு. படம் எடுத்தபின் சுருளை நகர்த்த மறந்தால், ஒன்றன்மேல் ஒன்றாக இரு காட்சிகள் பதியும். விலையுயர்ந்த காமிராக்கள் பல இதனைத் தாமே தடுக்கும். இப்பெட்டி தடுப்பதில்லை.

விளையாட்டுக் காமிராவைப் போற்றுவோர் இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்பிவிடுகின்றனர். நிலையான குறை ஒருவகை விதியாகும். மூலை இருளும் என்பதை முன்னரே அறிந்தவன், நடுவில் எதை வைக்கலாம், விளிம்பில் எதை மறைக்கலாம் என்று எண்ணிச் செயற்படலாம். ஆதலின் அக்குறை அவன் கருத்துக்கு ஏவல் செய்யும். தற்செயற் குறையோ எவர் கருத்துக்கும் கட்டுப்படாது. அது நன்றாக அமைந்தால் எடுத்துக்கொள்ளலாம், இன்றேல் தள்ளிவிடலாம். முன்னதில் கலைஞன் படைக்கிறான், பின்னதில் தேர்ந்தெடுக்கிறான். இரண்டும் அறிவின் செயல்களே. ஆயினும் ஒளி கசிந்தமையாலேயே ஒரு படம் கலையாகிவிடும் என்பார் இவ்விரண்டையும் செய்யாதவர்.

அயோவா என்னும் நூல்

குறை வழுவமைதியாக உயர்ந்ததற்குச் சிறந்த சான்று நான்சி ரெக்ஸ்ராத் என்னும் அமெரிக்கப் பெண்மணியின் ‘அயோவா’ என்னும் படநூலாகும். இவர் ஒஹாயோ பல்கலைக்கழகத்தில் நிழற்படக்கலை பயின்றவர். அப்பல்கலைக்கழகத்தில் 1960களின் இறுதியில் ஆர்னல்டு கசான் என்னும் ஆசிரியர் மாணவர் கையில் டயானாவைக் கொடுத்துப் பயிற்றினார். கருவியைப் பற்றிய கவலையிலிருந்து மாணவரை விடுவிக்கும் வழி அது. 1970 முதல் 1976 வரை டயானாவால் எடுத்த படங்களைத் தொகுத்து, 1977 இல் ரெக்ஸ்ராத் நூலாக வெளியிட்டார். 2017 இல் அது மறுபதிப்புப் பெற்றது.

நூலின் பெயரே முதல் விந்தை. படங்களுட் பெரும்பாலானவை எடுக்கப்பட்ட இடம் ஒஹாயோ மாநிலத்தின் தென்கிழக்குப் பகுதி. பெயரோ நெடுந்தொலைவில் உள்ள அயோவா மாநிலத்தின் பெயர். இளமையில் உறவினரைக் காண அயோவாவுக்குச் சென்ற நினைவுகள் அவர் உள்ளத்தில் தங்கியிருந்தன. ஒஹாயோவின் மர வீடுகளையும் வெளிகளையும் காணுந்தோறும் அந்நினைவே எழுந்தது. ஆதலாற் கண்ணெதிரே உள்ள நிலத்துக்கு நெஞ்சில் உள்ள நிலத்தின் பெயரை இட்டார். நிலவரைபடம் கொண்டு பார்ப்பவர்க்கு இது பிழை. நூலைப் புரட்டிப் பார்ப்பவர்க்கு இதுவே நூலின் திறவுகோல்.

அப்படங்களிற் காணப்படுவன எளியவை. வீடு, மரம், சாளரம், படுக்கை, தாய், ஆடும் சிறுவர் ஆகியவையே பெரும்பாலும் பொருள்கள். 1976 இல் ஏம்ஸ்வில் என்னும் ஊரில் எடுத்த ஒரு படத்திற் சிறுவர் சிலர் துள்ளி அந்தரத்தில் நிற்கின்றனர். உருவம் தெளிவில்லை. முகத்தைக் கொண்டு இவன் இன்னார் மகன் என்று கூற இயலாது. அத்தெளிவின்மையே, குறித்த சிறுவர் சிலரை எல்லாருடைய சிறுபருவமாகவும் மாற்றிவிடுகிறது. கூர்மையான வில்லையால் எடுத்திருந்தால், அது ஓர் ஊரின் பிள்ளைகள் குதித்த செய்தியாக முடிந்திருக்கும்.

பழையதை நினைவுகூரும் நெஞ்சம் எல்லாவற்றையும் ஒரே தெளிவோடு நினைப்பதில்லை. பாட்டி அமர்ந்திருந்த நாற்காலி தெளிவாக நிற்கும். அதைச் சூழ்ந்திருந்த அறை கரைந்துபோகும். நடுவில் ஒளியும் விளிம்பில் இருளுமாகிய டயானாவின் குறை, நினைவின் இவ்வியல்போடு பொருந்துகிறது. கூறவந்த பொருளும் கருவியின் குறையும் ஒன்றுபட்ட இடம் இது. காரணம்பற்றி வந்த பிழைக்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை. ஆறாண்டு ஒரே வகைப் பெட்டியோடு பழகி, அதன் போக்கை அறிந்து, எடுத்தவற்றுள் வேண்டியவற்றை மட்டும் தெரிந்து தொகுத்த உழைப்பும் அதன் பின்னே உள்ளது.

செய்திப் படத்தில் ஹோல்கா

நினைவைப் பாடும் கலைக்கு மங்கல் பொருந்தலாம்; செய்தி கூறும் படத்துக்குப் பொருந்துமா என்ற ஐயம் எழக்கூடும். டேவிட் பர்னெட் என்பவர் வியட்நாம் போரையும் பல நாட்டுத் தலைவர்களையும் படம் எடுத்த தேர்ந்த செய்திப்படக் கலைஞர். 2000 ஆம் ஆண்டு அமெரிக்கக் குடியரசுத் தலைவர் தேர்தலின்போது, வேட்பாளர் ஆல் கோரை அவர் ஹோல்காவால் எடுத்தார். வெள்ளை மாளிகைச் செய்திப்படக் கலைஞர் சங்கம் 2001 இல் நடத்திய போட்டியில் அப்படம் பரிசு பெற்றது.

தேர்தற் கூட்டத்தில் வேட்பாளரைச் சூழ்ந்து நிற்கும் படக்காரர் அனைவரும் ஏறத்தாழ ஒரே இடத்திலிருந்து, ஒரே வகைக் கருவியால், ஒரே படத்தை எடுப்பர். பதாகையும் விளக்கும் கூட்டமும் எல்லாம் சமமான தெளிவோடு விழுந்து, பார்ப்பவன் கண் எங்கும் நில்லாமல் அலையும். ஹோல்காவின் வில்லையோ வேண்டாதவற்றைக் குழைத்துவிட்டு, வேண்டியதன்மீது பார்வையை நிறுத்துகிறது. இங்கும் குறைக்குக் காரணம் உண்டு. ஆயினும் ஒன்றை மறத்தலாகாது. எங்கு நிற்பது, எக்கணத்தில் அழுத்துவது என்பவற்றைப் பர்னெட்டுக்குக் கற்பித்தது ஹோல்கா அன்று. அதற்கு முன் அவர் செலவிட்ட பல்லாண்டுப் பயிற்சி. வழாநிலை அறிந்தவன் கையிலேதான் வழுவமைதி பிறக்கும்.

எண்ணாதே என்னும் அறிவுரை

இதற்கு எதிரான கொள்கையும் உண்டு. லெனின்கிராடில் இருந்த லோமோ தொழிற்சாலை 1984 இல் எல்.சி.ஏ. என்னும் சிறு காமிராவைப் பெருவாரியாகச் செய்யத் தொடங்கியது. கண்ணாடி வில்லையும் தானே ஒளியை அளக்கும் அமைப்பும் உடைய அது, உண்மையில் விளையாட்டுக் காமிரா அன்று. 1990களின் தொடக்கத்தில் வியன்னா நகர மாணவர் சிலர் அதனைக் கண்டெடுத்து, அதன் அழுத்தமான வண்ணங்களில் மயங்கி, 1992 இல் ஒரு சங்கம் அமைத்தனர். காமிராவை எங்கும் கொண்டு செல்க, இடுப்பளவில் வைத்தே எடுக்க, எண்ணிப்பாராமல் அழுத்துக என்னும் போக்கில் அமைந்த பத்து விதிகளை அவர்கள் வகுத்தனர். டயானாவும் ஹோல்காவும் அவ்வியக்கத்தின் நிழலில் மறுவாழ்வு பெற்றன. 2007 இல் டயானாவுக்குப் புத்துருவம் அளித்தவரும் அவர்களே.

இக்கொள்கையில் ஒரு நன்மை உண்டு. தொடக்கத்தில் கூச்சமே பெரும் பகை. பிழை நேருமோ என்று அஞ்சும் மாணவன் ஒருவரியும் எழுதான். விலையுயர்ந்த காமிராவைக் கையிற் பெற்றவன் அதற்குக் கீறல் விழுமோ என்று அஞ்சுவான். விளையாட்டுக் காமிரா அவ்வச்சத்தைப் போக்குகிறது. எடுக்கப்படுபவரும் அஞ்சுவதில்லை, பொம்மையைக் கண்டு எவர் முகத்தை இறுக்கிக்கொள்வார்? சுருளை முழுச்சதுரமாக எடுத்தால் படங்கள் பன்னிரண்டே. எடுத்ததை உடனே காண இயலாது. கழுவி எடுக்கும் வரை காத்திருத்தலும், வந்தபின் வியத்தலும் தொலைபேசியிற் பெற இயலாத இன்பங்கள். எளிமை தரும் விடுதலையும் வரையறை தரும் கவனமும் ஒருங்கே அமைந்திருப்பதே இப்பெட்டியின் உண்மையான கவர்ச்சி எனலாம்.

ஆனால் எண்ணாதே என்பது தொடங்குவதற்கான அறிவுரை. முடிப்பதற்கான அறிவுரை அன்று. அழுத்தும்போது எண்ணாதவன், அழுத்தியபின் தேர்ந்தெடுக்கும்போதாவது எண்ணியாக வேண்டும். பத்துச் சுருளின் நூற்றிருபது படங்களையும் சுவரில் ஒட்டி, எல்லாம் கலை என்பவன் ஒன்றையும் கலையாகக் கண்டவன் அல்லன். பன்னிரண்டு படங்களே உள்ள பெட்டியை எண்ணாமற் பயன்படுத்து என்பதில் உள்ள முரண்பாட்டையும் கருதுதல் வேண்டும். படத்தின் எண்ணிக்கை குறையுமிடத்து எண்ணம் மிகுதல் இயல்பு.

பூசிய குறை

இவ்வினாவை மேலும் கூர்மையாக்கியது தொலைபேசி. 2009 இறுதியில் ஹிப்ஸ்டமேட்டிக் என்னும் செயலியும், 2010 இல் இன்ஸ்டகிராமும் வெளிவந்தன. தெளிவாக எடுத்த படத்தின்மீது விளிம்பிருளையும் பழுத்த நிறத்தையும் ஒளிக்கசிவையும் கணிப்பொறி பூசித்தந்தது. பிளாஸ்டிக் வில்லையின் ஏழ்மையில் விளைந்த குறை, செல்வத்தின் ஒப்பனை ஆயிற்று.

2010 இல் நியூயார்க் டைம்ஸ் நாளிதழின் டேமன் வின்டர், ஆப்கானிஸ்தானில் அமெரிக்கப் படைவீரரின் அன்றாட வாழ்வை ஹிப்ஸ்டமேட்டிக் கொண்டு படம் எடுத்தார். அப்படத்தொடர் மறு ஆண்டு பன்னாட்டுப் போட்டி ஒன்றில் மூன்றாம் பரிசு பெற்றபோது பெரும் விவாதம் மூண்டது. செய்திப் படத்துக்கு ஒப்பனை ஆகுமா என்றனர் ஒரு சாரார். வீரர் தாமே பயன்படுத்தும் தொலைபேசி ஆதலால் கூச்சமின்றிப் பழகினர் என்பது வின்டர் தரப்பு.

இரு பக்கமும் வலியுடையனவே. தொலைபேசியைத் தேர்ந்ததற்கு அவர் காட்டிய காரணம் பொருந்துவது. அக்காரணம் தொலைபேசிக்குப் பொருந்துமேயன்றி, செயலி பூசிய நிறத்துக்குப் பொருந்துமா என்பதே கேட்கத்தக்கது. வீரர் நெருங்கிப் பழகியது கருவியின் எளிமையால். பழுத்த நிறமோ, நிகழ்ந்துகொண்டிருந்த போருக்குப் பழைய நினைவின் சாயலை ஏற்றியது. ரெக்ஸ்ராத்தின் படத்தில் மங்கலும் பொருளும் ஒன்று. இங்கே நிறம் ஒரு பொருளைச் சொல்ல, நிகழ்ச்சி வேறொன்றைச் சொல்லுகிறது. ஒரே கருவியில் ஒன்று அமைதி பெறுகிறது. மற்றது வழுவாகவே நிற்கிறது. கருவி விலையுயர்ந்ததா மலிவானதா, சுருளா கணிப்பொறியா என்பதைக் கொண்டு தீர்ப்பு வழங்க இயலாது. குறைதோறும் காரணம் கேட்பதே நேரிய முறை.

ஆசிரியர்க்கு உரிய பாடம்

இம்முறையைக் கலைஞரைவிட ஆசிரியரே நன்கு அறிவர். மாணவன் எழுதிய தொடரிற் பிழையைக் காணும் ஆசிரியர் இரு தவறுகளுள் ஒன்றில் விழக்கூடும். உயிருள்ள பிழையையும் சேர்த்துத் திருத்தி, எழுத்தை வற்றச் செய்தல் ஒன்று. குழந்தை மனம் வாடுமே என்று எல்லாவற்றையும் பாராட்டி, இலக்கணத்தையே கைவிடுதல் மற்றொன்று. விளையாட்டுக் காமிராவை இகழ்வோர் முதற்றவற்றையும், எல்லையின்றிப் புகழ்வோர் இரண்டாந் தவற்றையும் செய்கின்றனர்.

பள்ளி நிழற்படக் கழகங்களில் இக்காமிராவுக்கு இடமுண்டு. பன்னிரண்டு படங்களுக்கு மேல் இல்லை என்னும் வரையறை, பார்த்தபின் எடுக்கும் பழக்கத்தை வளர்க்கும். ஒளி எங்கிருந்து வருகிறது, சுருளின் வேகம் என்ன, பொருள் எத்தனை அடி தொலைவில் உள்ளது என்பவற்றைப் பெட்டி அறியாது. ஆதலின் மாணவன் அறிந்தாக வேண்டும். சுருளும் கழுவும் கூலியும் இந்நாளில் மலிவல்ல. ஒரு பெட்டியைப் பலர் பகிர்ந்துகொள்வது தகும். படங்கள் வந்தபின் ஆசிரியர் கேட்க வேண்டிய வினா ஒன்றே: “இப்படத்தில் உள்ள குறை எதற்காக?” விடை கூறத் தெரிந்த மாணவன் படம் எடுக்கக் கற்றவன். தற்செயலாய் விழுந்தது என்று உண்மை கூறுபவனும் தேறுவான். அதனை ஏன் தள்ளவில்லை என்ற அடுத்த வினா அவனுக்குக் காத்திருக்கிறது.

மலிவான பெட்டி எவரையும் கலைஞர் ஆக்குவதில்லை. விலையுயர்ந்த பெட்டியும் அவ்வாறே. மறைத்துக்கொள்ள இடமில்லாத கருவி ஒன்றைக் கையிற் கொடுத்து, காண்பவன் கண் எத்தகையது என்பதைக் காட்டிவிடுவதே விளையாட்டுக் காமிராவின் தனிச்சிறப்பு. ஹாங்காங் தொழிலாளர் ஓரிரு டாலருக்குச் செய்தளித்த அப்பெட்டியின் பயன் இதுவே.